தவமணி அக்கா கேட்ட மூன்றாவது பட்டன்

பெருமாள் அண்ணன் எனக்கு போன் செய்தால், அவர் பேசுவதற்கு முன்னால் தறி பேசும். செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவர் அவர். தடதடவென்ற சத்தத்துக்கு நடுவில் "தம்பி, தம்பி" என்று கத்துவார். நானும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருந்தபடி பதிலுக்குக் கத்துவேன். கடைக்கு வந்தவர்கள் ஏதோ தகராறு என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று காலை நான் ஒரு பிரிண்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் கூப்பிட்டார். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மனைவிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, இனித் தறிக்குப் போகலாம் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். அதனால் நான் சிரித்துக்கொண்டே, "என்னண்ணே, செல்லூர்ல கரண்ட் இல்லையா?" என்று கேட்டேன்.

"தவம் போயிட்டா தம்பி," என்றார்.

என் கையில் திருப்புளி இருந்தது. எந்தப் பழுதையும் கழற்றிப் பார்த்தால் சரி செய்துவிடலாம் என்ற நினைப்பிலேயே பாதி வயதைக் கழித்தவன் நான். அன்று எனக்கு எதைக் கழற்றுவது என்று தெரியவில்லை.

திருமதி தவமணி அவர்களைத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. தெரிந்தவர்களிலும் பலர் அவரைக் குரலாக மட்டுமே அறிவார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவர். திருமணமாகி செல்லூருக்கு வந்த பிறகு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் தட்டச்சு சொல்லிக்கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பின்னால் உட்கார்ந்து வந்த வண்டி ஒரு வேகத்தடையில் துள்ளியதில் கீழே விழுந்தார். கழுத்தில் அடி. தோளுக்குக் கீழே எதுவும் அசையாமல் போயிற்று. வண்டியை ஓட்டி வந்தவர் அவர் கணவர் பெருமாள். அதைப் பற்றி அந்த வீட்டில் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு வசவின் மூலமாக. கீபோர்டில் ஷிப்ட் கீயைத் தொடர்ந்து சில முறை அமுக்கினால் 'டிங்' என்று சத்தம் போட்டு ஒரு பெட்டி வரும், பார்த்திருப்பீர்கள். எங்களைப் போன்ற சர்வீஸ்காரர்களுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. கடைக்கு வருகிற எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும், யாரும் கேட்காமலே அதை நிறுத்திவிட்டுத்தான் கொடுப்போம். அப்படித்தான் என் கூட்டாளி பாலு, பெருமாள் அண்ணன் கொண்டுவந்த கம்ப்யூட்டரிலும் நிறுத்திக் கொடுத்தான். மறுநாள் கடைக்கு ஒரு போன் வந்தது.

"கம்ப்யூட்டர நல்லாத் தொடச்சுக் குடுத்திருக்கீங்க. சந்தோசம். அதுல எனக்கு இருந்த ஒரே ஒரு கையையும் சேத்துத் தொடச்சுட்டீங்களே, அதை யாருகிட்டக் கேக்குறது?"

ஒன்றும் புரியாமல்தான் அவர் வீட்டுக்குப் போனேன். சந்துக்குள் சந்து. சக்கர நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். முகத்துக்கு நேரே சாய்வான பலகையில் கீபோர்டு. வாயில் ஒரு குச்சி, அதன் முனையில் பென்சில் ரப்பர். தலையை முன்னால் நீட்டி அந்தக் குச்சியால் ஒவ்வொரு கீயாகத் தட்டினார். ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஷிப்டையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் எப்படி அமுக்குவது? ஷிப்டை அமுக்கி விட்டுவிட்டால், அடுத்த எழுத்து வரும்வரை கம்ப்யூட்டர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் தொல்லை என்று தூக்கி எறிந்த பெட்டி அந்த வசதிக்கான வாசல். குச்சியை வாயிலிருந்து பலகையில் இறக்கிவிட்டு அவர் சொன்னார்: "அந்தப் பெட்டிக்காகத்தான் தம்பி நான் இந்தக் கம்ப்யூட்டரையே வாங்குனேன்."

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்கு அடிக்கடி போக ஆரம்பித்தேன். எனக்குக் கொஞ்சம் புரோகிராம் எழுதத் தெரியும். பெரிதாக ஒன்றும் இல்லை, கடைக்குப் பில் போடுவதற்காகக் கற்றுக்கொண்டது. அதை வைத்து அவருக்கென்று தமிழ் தட்டச்சுக்கு ஒரு சிறிய மென்பொருள் செய்தேன். தலை நடுங்கி ஒரே கீயில் இரண்டு தடவை பட்டால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். குச்சி ஒரு கீயின் மேல் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் ககககக என்று ஓடாது. முதல் எழுத்தை அடித்தவுடன் அவர் வழக்கமாக எழுதும் சொற்களைக் காட்டும். கழுத்துக்கு வேலை குறையும். அதற்கு நல்ல தமிழில் கம்பீரமான பெயராக நான் யோசித்துக்கொண்டு போனபோது அவர் முகத்தைச் சுளித்தார். "வாயில குச்சி வச்சிருக்கிறவகிட்டக் கேளுங்க. குச்சின்னு வைங்க. போதும்."

குச்சிக்கு அவரைவிடக் கண்டிப்பான சோதனையாளர் கிடைத்திருக்க மாட்டார். நான் பெருமையோடு எதைக் கொண்டுபோனாலும் அரை நாளில் ஒரு குறையைக் கண்டுபிடித்து போன் செய்வார். "தம்பி, குச்சி இன்னைக்கு நொண்டுது" என்றுதான் ஆரம்பிப்பார். குச்சியைப் பற்றி அவர் ஒருபோதும் குறை சொல்லாத ஒன்று உண்டு. 'பெ' என்று அடித்தால், அது முதலில் 'பெருமாள்' என்று காட்டும். கடிதமோ கட்டுரையோ, 'பெரிய' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் அந்தப் பெயர் குறுக்கே வந்து நிற்கும். மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

வேலை வர ஆரம்பித்தது. கல்லூரி ஆய்வேடுகள், டியூசன் வினாத்தாள்கள், மனுக்கள். பிழை இல்லாமல் இருக்கும். குச்சியைக் கேட்டு வந்த மற்றவர்களுக்கு போனிலேயே சொல்லிக்கொடுக்கும் வேலையும் அவருடையதாயிற்று. அலங்காநல்லூர்ப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்து கை நடுக்கத்தோடு இருந்த முத்தையா என்பவர், நான்கு எழுத்துள்ள தன் பெயரை முதல்முறை தானே அடித்து முடித்தபோது என்னைக் கூப்பிடவில்லை. அக்காவைத்தான் கூப்பிட்டார். அக்கா எனக்கு போன் செய்து, "முத்தையாண்ணே அழுகுறாரு தம்பி, நானும் அழுதுட்டேன், கண்ணத் தொடச்சுவிட ஆள் இல்லாம உக்காந்திருக்கேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. பகல் முழுவதும் அவர் தனியாகத்தான் இருந்தார். காலையில் தறிக்குப் போவதற்கு முன் பெருமாள் அண்ணன் அவரைக் குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைத்து, கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டு, குச்சியை எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவார். வேலை முடிந்து வந்து தூக்கிப் படுக்க வைப்பார். இடையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தண்ணீர் கொடுப்பார்கள், சோறு ஊட்டுவார்கள். ஆனால் தூக்கத் தெரிந்த கை பெருமாள் அண்ணன் கை ஒன்றுதான்.

குச்சி நன்றாக வேலை செய்யச் செய்ய அக்கா அதிகம் எழுதினார். அதிகம் எழுத எழுத அதிகம் உட்கார்ந்தார். ஒரு நாள் குளிப்பாட்டும்போது முதுகின் அடியில் ஒரு சிவப்பைப் பெருமாள் அண்ணன் பார்த்தார். அக்காவுக்கு அங்கே உணர்ச்சி கிடையாது என்பதால் வலி தெரியாது. டாக்டர் அம்மா பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். ஒரே இடத்தில் பாரம் தாங்கினால் அந்தத் தோல் செத்துப்போகும், மணிக்கணக்காக உட்காரக் கூடாது, அவ்வப்போது சாய்த்துப் படுக்க வைத்தே ஆக வேண்டும். படுத்துக்கொண்டே எழுத முடியுமா என்று நாங்கள் பார்க்காத வழியில்லை. திரையைக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டோம். மல்லாந்து படுத்துக் குச்சியைக் கவ்வினால் எச்சில் தொண்டைக்குள் இறங்கிப் புரையேறியது. பேசினால் எழுதும் வசதியைப் போட்டுப் பார்த்தோம். சந்து முழுக்க ஓடும் தறிகளையும் சேர்த்துக் கேட்டுவிட்டு அது வாய்க்கு வந்ததை எழுதியது. அக்கா அதை உரக்கப் படித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தார். பிறகு சொன்னார்: "உக்காந்தாத்தான் தம்பி நான் தவமணி. படுத்தா நோயாளி."

பாலு ஒரு யோசனை சொன்னான். "கீபோர்டப் பூட்டிரு மாப்ள. இம்புட்டு நேரம் ஆச்சுன்னா ஒண்ணும் அடிக்க முடியாதுன்னு வையி. படுத்துத்தான ஆகணும்?" எழுதுவதற்கு ரொம்பச் சுலபமான புரோகிராம். எழுதி, முதலில் என் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். நேரம் வந்ததும் திரை இறுகிப்போய் நின்றது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. என்னால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வர முடியும். அவரால் முடியுமா? நல்லதுக்கென்றே வைத்துக்கொண்டாலும், ஒருவர் கையைப் பின்னால் கட்டிப் போடுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதை அழித்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு பெட்டி வைத்தேன். குறித்த நேரத்துக்கு ஒருமுறை திரையில் வந்து, "நேரமாச்சு. கொஞ்சம் படுக்குறீங்களா?" என்று கேட்கும். கீழே இரண்டு பட்டன்கள். ஒன்றில் 'படுக்கிறேன்', மற்றதில் 'அப்புறம்'.

சில வாரம் கழித்துப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பெட்டி வந்தது. அக்கா ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் 'அப்புறம்' என்பதைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மறுபடி வந்தது. மறுபடி 'அப்புறம்'. எனக்குக் கோபம் வந்துவிட்டது. புண் பெரிதாகியிருந்தது என்று அண்ணன் சொல்லியிருந்தார். "என்னக்கா விளையாட்டா இது? உங்க நல்லதுக்குத்தான் வச்சிருக்கேன். ஒரு தடவையாச்சும் அந்த மொத பட்டன அமுக்குனா என்ன?" என்று சத்தம் போட்டேன்.

அவர் குச்சியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் இன்னும் சின்னப்பிள்ளையாகவே இருக்கிறேனே என்பதைப் போல ஒரு பார்வை.

"மொத பட்டன அமுக்குனா என்ன தம்பி நடக்கும்?"

"பெட்டி போயிரும்."

"பெட்டி போயிரும். நான் படுத்துருவேனா?" என்றார். "அவரு தறியில நிக்கிறாரு. அமுக்கிட்டு நான் ஆருகிட்டச் சொல்லிப் படுக்குறது? ரெண்டு பட்டன் வச்சிருக்கீங்க. தூக்க ஆளில்லன்னு மூணாவதா ஒண்ணு வைங்க. அதை அமுக்குறேன்."

அவர் பிடிவாதக்காரர், உடம்பைக் கவனிக்காதவர் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அவர் 'அப்புறம்' என்று தட்டியது, சொல்வதற்கு வேறு எந்தப் பதிலையும் நாங்கள் அவருக்குத் தராததால்.

மூன்றாவது பட்டனை வைத்தேன். 'தூக்க ஆள் இல்லை' என்று அவர் சொன்னதையே எழுதினேன். அமுக்கினால் பெருமாள் அண்ணனின் சட்டைப் பையில் இருக்கும் போன் அதிரும். தறிச் சத்தத்தில் மணி கேட்காது, நெஞ்சில் அதிர்ந்தால் தெரியும். முதல் சில நாள் அது அற்புதமாக வேலை செய்தது. அண்ணன் தறியை நிறுத்திவிட்டு, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு சந்துகளில் ஓடி வருவார். தூக்கிப் படுக்க வைப்பார். திரும்ப ஓடுவார். கொஞ்ச நேரத்தில் எழுப்பி உட்கார வைக்க மறுபடி ஓடி வருவார். தறி முதலாளி கெட்டவர் இல்லை, பொறுத்துப் பார்த்தார். பிறகு, "பெருமாளு, ஒன் கஷ்டம் தெரியுது. தறி நின்னா நானும் நிக்கணும்ப்பா" என்றார்.

அதன் பிறகு அக்கா மூன்றாவது பட்டனைத் தொடவில்லை.

"அவரு ஓடி வாரத நீங்க பாத்ததில்ல தம்பி. நாக்குத் தள்ளுது மனுசனுக்கு. இந்த வேலையும் போயிருச்சுன்னா அப்புறம் ரெண்டு பேருமே படுத்துக் கெடக்க வேண்டியதுதான்."

நானும் பாலுவும் மத்தியானத்தில் வருகிறோம் என்று சொன்னோம். "நீங்க குச்சியப் பாருங்க, அது போதும்" என்று தலையை ஆட்டிவிட்டார். துணி மாற்ற வேண்டியிருக்கும், புண்ணைத் துடைக்க வேண்டியிருக்கும். இரண்டு வேற்று ஆண்கள் தூக்கிக் கிடத்துவதைவிட உட்கார்ந்திருப்பதே மேல் என்று அவர் நினைத்தார். அதை எப்படித் தவறென்று சொல்வது? வீட்டோடு வந்து பார்த்துக்கொள்ள ஆள் தேடினோம். ஒரு அம்மா வந்தார். சந்தில் ஓயாத சத்தம் தாங்கவில்லை என்று சில நாளிலேயே போய்விட்டார். உசிலம்பட்டியில் அக்காவின் அண்ணன் வீட்டுக்கே போய்விடலாமே என்று கேட்டேன். "அங்க போனா படுக்க வச்சிருவாங்க தம்பி. நல்லாப் பாத்துக்குவாங்க. எழுப்ப மாட்டாங்க."

கடைசியில் நான் செய்தது இதுதான்: குச்சியில் எழுத்து இன்னும் வேகமாக வரும்படி செய்தேன். சீக்கிரம் முடித்தால் குறைவாக உட்காருவார் என்று கணக்குப் போட்டேன். அவர் மிச்சமான நேரத்தில் இன்னொரு ஆய்வேட்டை எடுத்துக்கொண்டார்.

புண்ணிலிருந்து காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தார்கள். நான் குனிந்து, அவர் கண்ணுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். குரல் தேய்ந்திருந்தது.

"முத்தையாண்ணனுக்குக் கீ நிக்கிற நேரத்தக் கூட்டி வச்சுக் குடுத்தீங்களா?"

"குடுத்துட்டேங்க்கா."

"அந்த மூணாவது பட்டன எடுத்துராதீங்க. எனக்குத்தான் உதவல. வேற யாருக்காச்சும் வீட்டுல ஆள் இருக்கும்."

நான் தலையாட்டினேன். வெளியே வந்து, வராந்தாவில் முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு மனிதரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் இருக்கிற கட்டிலுக்கு. அதற்கு ஒரு புரோகிராம் கிடையாது.

கேதம் கேட்க நானும் பாலுவும் போனபோது பெருமாள் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். சக்கர நாற்காலியைச் சுவரோரம் மடக்கி வைத்திருந்தார்கள். கீபோர்டு பலகை அதே இடத்தில் இருந்தது, குச்சியும் இருந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. யார் போட்டது என்று நான் பார்த்ததைப் புரிந்துகொண்டு அவரே சொன்னார். "காலையில எந்திரிச்சதும் கை அது பாட்டுக்கு சுவிட்சப் போட்டுருது தம்பி. போட்டப்புறந்தான் ஞாபகம் வருது."

சந்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்போது 'டிங்' என்று சத்தம் கேட்டது. மூன்று பேரும் நிமிர்ந்தோம். திரையின் நடுவில் அந்தப் பெட்டி வந்து நின்றது.

"நேரமாச்சு. கொஞ்சம் படுக்குறீங்களா?"

நான் எழுந்துபோய் கம்ப்யூட்டரை அணைக்கப் பார்த்தேன். பெருமாள் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெனமும் கேக்குது தம்பி. மூணு பட்டன் இருக்கு. எதுக்குமே எனக்குக் கை வரல. நான் பாட்டுக்கு எந்திரிச்சு வெளிய போயிருவேன்."

அவர் பலகையில் இருந்த குச்சியை எடுத்தார். ரப்பர் முனையை வேட்டியில் துடைத்தார். ஒவ்வொரு காலையிலும் அக்காவின் வாயில் கொடுப்பதற்கு முன்னால் துடைப்பதைப் போல.

"மொத பட்டனுக்கு எது தம்பி?"

கீயைக் காட்டினேன். அவர் குச்சியால் அதை ஒருமுறை தட்டினார். பெட்டி போய்விட்டது. 'படுக்கிறேன்' என்ற பட்டனை அந்த வீட்டில் யாராவது அமுக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெட்டிக்குப் பின்னால் அவர் பாதியில் விட்ட ஆய்வேட்டின் பக்கம் இருந்தது. அது கிடக்கட்டும் அக்கா. யாராவது முடித்துக்கொள்வார்கள். நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள்.